காசு குடுத்து வாங்கின மென்பொருள்: உள்ளுக்கிருக்கிற படம் ஆருடையது?

ஜனவரி 11, இரவு 9.40. கேள்வி, உப்புவெளியிலிருந்து

அண்ணா, திருகோணமலை உப்புவெளியில ரீசேட், ஸ்டிக்கர் அடிக்கிற சின்னக் கடை. படம் வரையிற மென்பொருள் ஒன்றைப் போன வருசம் முழு விலை குடுத்து வாங்கினது. களவுக் கொப்பி இல்லை. அதோட ஆயிரக்கணக்கில படங்கள் வந்திருக்கு: நங்கூரம், ஆமை, டொல்பின், மான், குத்துவிளக்கு. மூன்று வேலை யோசிச்சு வைச்சிருக்கிறன். ஒன்று, வெளிநாட்டுக்காரருக்கு விக்க ஆமையும் மானும் போட்ட ரீசேட். இரண்டு, நிலாவெளியில ஒரு விருந்தினர் விடுதிக்கு நங்கூர லோகோ. மூன்று, அ ஆ இ பழகிற பிள்ளையளுக்கு ஒரு போன் ஆப், அதுக்கும் இதே படங்கள். காசு குடுத்து வாங்கினது எண்டா உள்ளுக்கிருக்கிறதும் எனக்குத்தானே?

ஜனவரி 11, இரவு 10.25

இல்லை. மூன்று வேலைக்கும் மூன்று பதில்.

கலியாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோம். அதில் சமைக்கலாம், சமைத்த சோற்றை விற்கவும் செய்யலாம். கிடாரத்தை விற்க ஏலாது. மென்பொருளோடு வரும் படங்களும் அப்படித்தான். நீங்கள் வாங்கியது மென்பொருளை ஓட்டும் உரிமை. படங்களுக்குத் தனியாக ஒரு நிபந்தனை இருக்கும். அநேகமாக அதே உரிமப் பத்திரத்தின் பின்பாதியில், "உள்ளடக்கம்" அல்லது "கிளிப் ஆட்" என்ற தலைப்பின் கீழ் வரும்.

அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் தடைகள் நான்கு. படத்தைப் படமாகவே பிறருக்குக் கொடுப்பது அல்லது விற்பது. வர்த்தகக் குறியில் சேர்ப்பது. மற்றவர்கள் திருத்திப் பாவிக்கும் வார்ப்புருவுக்குள் வைப்பது. படமே முழுப் பெறுமதியாக இருக்கும் பொருளை விற்பது. உங்கள் ரீசேட் நாலாவதில் முட்டும், லோகோ இரண்டாவதில், ஆப் முதலாவதில்.

ஆமையை அப்படியே எடுத்து வெள்ளை ரீசேட்டின் நெஞ்சில் அடித்தால், வாங்குபவர் காசு கொடுப்பது அந்த ஆமைக்கு. உங்கள் வேலை அதில் ஒன்றுமில்லை. அதே ஆமை, நீங்கள் எழுதிய ஊர்ப்பெயருக்கும் நீங்கள் வரைந்த முருகைக்கல்லுக்கும் நடுவில் ஒரு துண்டாக நின்றால் பல உரிமங்கள் விடும். பல என்றுதான் சொல்கிறேன், எல்லாம் அல்ல. சிலது விற்பனைப் பொருளுக்கே தனி உரிமம் கேட்கும். படம் விற்கும் அடோபி ஸ்டொக் தளம் அப்படி: சாதாரண உரிமத்தில் 5,00,000 பிரதிவரை அச்சிடலாம், ஆனால் படம்தான் பொருளின் முதன்மைப் பெறுமதி என்றால் நீட்டித்த உரிமம் வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பது அங்கே சாட்டு ஆகாது. பத்து ரீசேட்டுக்கும் அதே விதி.

ஜனவரி 11, இரவு 10.50

லோகோவைப் பற்றி ஒரு வரியும் விட்டுப்போகக் கூடாது, அதனால் தனியாக.

வர்த்தகக் குறி என்றால் "இது எனக்கு மட்டும்" என்று சொல்வது. இலங்கையில் அதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவார்கள். 10 வருடம் செல்லும், பிறகு 10 வருடமாகப் புதுப்பிக்கலாம். உங்கள் மென்பொருளை வாங்கிய ஒவ்வொருவரின் கணினியிலும் அதே நங்கூரம் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்த ஒன்றை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிய முடியாது. உரிமத்தில் தடை எழுதியிருப்பது இதற்காகத்தான். கன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியிலும் இதே நிலை. அங்குள்ள படங்களைக் கொண்டு லோகோ செய்து பாவிக்கலாம், வர்த்தகக் குறியாகப் பதிய முடியாது. கோடு, வட்டம், சதுரம் போன்ற அடிப்படை வடிவங்களும் எழுத்துருக்களும் மட்டும் விலக்கு.

விடுதிக்காரர் இன்று பதியமாட்டார். மூன்றாம் வருடம் இரண்டாவது விடுதி திறக்கும்போது பதிய நினைப்பார். அன்று பெயர்ப்பலகை, துவாய், கோப்பை, இணையத்தளம் எல்லாம் மாற்ற வேண்டி வரும். நங்கூரத்தை நீங்களே வரையுங்கள். ஒரு வளையம், ஒரு தண்டு, ஒரு குறுக்குக் கம்பு, கீழே ஒரு வளைவு, இரண்டு நகம். இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைதல் மென்பொருளில் அரை மணி நேர வேலை.

ஜனவரி 12, காலை 7.15. உப்புவெளி

லோகோ விளங்கிச்சு அண்ணா. ரீசேட்டுக்கு ஒரு வழி சொல்லுறாங்கள்: படத்தில முப்பது வீதம் மாத்தினா புதுப் படம், பிறகு ஒருத்தரும் கேக்கேலாது எண்டு. ஆமையின்ர ஓட்டு நிறத்தை மாத்தி, கண்ணாடி மாதிரித் திருப்பி விட்டா சரியோ?

ஜனவரி 12, காலை 8.05

முப்பது வீதம் என்று ஒரு சட்டமும் இல்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தழுவும் உரிமையையும் படைத்தவருக்கே கொடுக்கிறது. நிறம் மாற்றுவது, திருப்புவது, மேலே வைத்துப் பேனாவால் சுற்றி வரைவது எல்லாம் தழுவல்தான். பாதுகாப்பு படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும். பதிவு எதுவும் தேவையில்லை, வரைந்த கணமே தொடங்கிவிடும். படத்தின் மூலையில் பெயர் இல்லை என்பதும் ஒன்றையும் மாற்றாது.

இந்த முப்பது வீதக் கதை அச்சகங்களில் வாய்வழி ஓடிக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து உங்கள் கடையோடு நிறுத்துங்கள்.

ஜனவரி 12, மதியம்

அடுத்த கேள்வி, அந்த உரிமப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது. தேடும் ஒழுங்கு இது.

முதலில் மென்பொருளின் "ஹெல்ப்" பட்டியலில் "எபௌட்". அதில் உரிமத்துக்கு இணைப்பு இருக்கும். இல்லையென்றால் நிறுவிய அடைவுக்குள் "லைசன்ஸ்", "யூலா", "ரீட்மி" என்ற கோப்புகள். படங்கள் தனி அடைவில் இருந்தால் அந்த அடைவையும் திறந்து பாருங்கள். மென்பொருளுக்கு ஒன்று, படத்துக்கு இன்னொன்று, எழுத்துருவுக்கு வேறொன்று என்று மூன்று கோப்பு கிடப்பது சாதாரணம். ஃபொண்ட் ஓசம் என்ற ஐகன் பொதியின் இலவசப் பதிப்பு நல்ல உதாரணம்: சின்னப் படங்கள் கிரியேட்டிவ் கொமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 (படைத்தவர் பெயரைப் போட்டால் பாவிக்கலாம்), எழுத்துருக் கோப்பு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம், நிரல் எம்ஐடி உரிமம். ஒரே பொதிக்குள் மூன்று சட்டம்.

பத்திரம் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் இருக்கும். முழுக்க வாசிக்க நேரமில்லை என்றால் தேடல் பெட்டியில் இந்தச் சொற்களைப் போடுங்கள்: ஸ்டாண்ட் அலோன், ரீசேல், டெம்ப்ளேட், டிரேட்மார்க், மேர்ச்சண்டைஸ், எக்ஸ்ட்ராக்ட். ஒவ்வொன்றும் வரும் பந்தியை முழுதாக வாசியுங்கள். "நொன் கொமர்ஷல்" என்ற சொல் கண்டால் கடை வேலைக்கு அந்தப் படம் இல்லை.

எஸ்விஜி (கோடுகளாகச் சேமித்த படம்) கோப்பு என்றால் உள்ளேயே எழுதியிருக்கலாம். இன்க்ஸ்கேப்பில் "டொக்கியூமென்ட் புரொப்பர்ட்டீஸ்" திறந்து "லைசன்ஸ்" பக்கத்தைப் பாருங்கள். போட்டோஷொப்பில் "ஃபைல் இன்ஃபோ". வெறுமையாக இருந்தால் இலவசம் என்று அர்த்தமில்லை. அனுமதி இல்லை என்றே எடுக்க வேண்டும்.

ஜனவரி 14

மைக்ரோசொப்ட் ஓபிஸோடு வரும் படங்களைக் கடை வேலைக்குப் பாவிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மைக்ரோசொப்ட்டின் பழைய கிளிப் ஆட் நூலகம் 2014 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அந்தப் பெட்டியில் வருவது பிங் தேடலின் படங்கள், அவை வேறு வேறு ஆட்களுடையவை. இப்போது மைக்ரோசொப்ட் 365இல் வரும் படங்கள், ஐகன்கள், ஸ்டிக்கர்கள் அந்த ஆவணத்துக்குள் பாவிக்கத் தரப்பட்டவை. பவர்பொயிண்டிலிருந்து மானைப் பிரித்தெடுத்து ஸ்டிக்கர் வைனல் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்ப அல்ல.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "ஹோம் அன்ட் ஸ்டூடன்ட்" பதிப்பு வணிகத்துக்கு விற்கப்பட்டதல்ல. கடையில் அது ஓடினால் படம் வரைக்கும் போகத் தேவையில்லை, விலைப்பட்டியல் அடிப்பதே பிழை.

ஜனவரி 15, இரவு. கிண்ணியாவிலிருந்து இன்னொரு வாசகர்

நான் விளையாட்டு செய்கிறவன். மென்பொருள் திறந்த மூலம் என்றால் படங்களும் திறந்ததுதானே? ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் போட்டிருக்கு.

ஜனவரி 16, காலை 6.30

நிரலுக்கு ஜிபிஎல் என்று போட்டிருக்கலாம். படத்துக்கு என்ன போட்டிருக்கிறது?

டூம் என்ற கணினி விளையாட்டை எடுங்கள். நிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டது, 1999இல் ஜிபிஎல் ஆனது. ஆனால் பேய்களும் சுவர்களும் துப்பாக்கிகளும் இருக்கும் வாட் கோப்பு இன்றுவரை விற்பனைச் சரக்கு. அதனால்தான் ஃப்ரீடூம் என்று ஒரு திட்டம், எல்லாப் படத்தையும் ஒலியையும் முதலிலிருந்து புதிதாகச் செய்தது.

இதே மாதிரி இன்னொன்றும் நடந்தது. ஃபயர்பொக்ஸ் உலாவியின் நிரல் திறந்தது, நரி லோகோ அன்று அப்படியில்லை. அதனால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு 2006இலிருந்து 2016வரை அதே உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில், வேறு படத்தோடு விநியோகித்தது.

உங்களுக்கு நேரடியாகப் படும் இன்னொன்று: இயந்திரத்தோடு, அதாவது விளையாட்டைக் கட்டும் மென்பொருளோடு, பிணைத்த உரிமம். எபிக் நிறுவனம் 2018இல் பரகன் விளையாட்டின் பாத்திரங்களையும் சூழல்களையும் இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அன்ரியல் இயந்திரத்துக்குள் மட்டும். கோப்பை மாற்றி வேறு இயந்திரங்களான யூனிட்டியிலோ கொடோவிலோ ஏற்றத் தொழில்நுட்பத்துக்குத் தடையில்லை, உரிமத்துக்குத் தடை. யூனிட்டி அசெட் ஸ்டோரில் வாங்கியதை விளையாட்டுக்குள் பொதித்து வெளியிடலாம், மூலக் கோப்பை இன்னொரு குழுவுக்குப் பென்டிரைவில் கொடுக்க முடியாது. கிண்ணியாவில் இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது முதலில் இடிப்பது இதில்தான்.

லினக்ஸ் கணினி என்றால் ஒவ்வொரு பொதிக்கும் "டொக்" அடைவுக்குள் "கொப்பிரைட்" என்ற கோப்பு இருக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் அதில் அநேகமாகக் கோப்புவாரியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள்: இந்த அடைவு இந்த உரிமம், அந்த அடைவு அந்த உரிமம். இவ்வளவு துப்புரவாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

ஜனவரி 16, மாலை

காலையில் எழுதியதில் ஒரு இடைவெளி விட்டுவிட்டேன். ஜிபிஎல் மென்பொருளால் நீங்கள் வரைந்த படம் உங்களுடையது. கிம்ப், இன்க்ஸ்கேப், கிரிட்டா, பிளெண்டர் எதுவும் உங்கள் படத்தில் உரிமை கேட்காது. கருவியின் உரிமம் வேறு, கருவியோடு வந்த படத்தின் உரிமம் வேறு, கருவியால் நீங்கள் செய்தது இன்னும் வேறு. கேள்விகளில் பாதி இந்த மூன்றையும் ஒன்றாகப் பிசைவதால் வருகிறது.

ஜனவரி 19

ஆப் பற்றி.

அன்ட்ரொயிட் ஆப் கோப்பு என்பது பெயர் மாற்றிய சிப் கோப்பு. விரிவாக்கத்தை மாற்றித் திறந்தால் உள்ளே உங்கள் குத்துவிளக்கு அப்படியே கிடக்கும். "பாவனையாளர் படத்தைப் பிரித்தெடுக்க முடியாத வகையில் பொதிய வேண்டும்" என்று சில உரிமங்களில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் சாதாரண ஆப் அதை நிறைவேற்றாது. அந்தப் பொதியை விட்டு வேறு இடத்தில் படம் எடுங்கள்.

எங்கே எடுப்பது? கெனி என்பவரின் தளத்தில் உள்ள விளையாட்டுப் படங்கள் சிசி0, அதாவது படைத்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுத்தவை: பெயர் போடவும் தேவையில்லை. ஓபன் கிளிப் ஆட் தளமும் பொதுவுடைமை, யாரும் பாவிக்கலாம். அ, ஆ, இ படத்துக்கு ஈமோஜி போதுமென்றால் ட்விமோஜி படங்கள் பெயர் குறிப்பிடல் 4.0, ஓபன்மோஜி அதே வழிப் பகிர்தல் 4.0 (மாற்றிச் செய்ததும் அதே உரிமத்தில் போக வேண்டும்), நோட்டோ ஈமோஜியின் படங்கள் அப்பாச்சி 2.0 என்ற திறந்த உரிமம். ஐபோன் ஈமோஜியை ஸ்கிரீன்சொட் எடுத்து ஆப்பில் வைக்காதீர்கள். அது அப்பிளின் படம், அந்த அனுமதி யாருக்கும் தரப்படவில்லை.

ஆனால் ஈமோஜியில் அம்மிக்கல் இல்லை, உரல் இல்லை, ஊஞ்சல் இல்லை. "உ"வுக்கு என்ன வைப்பீர்கள்? நம் பிள்ளைகளின் அரிச்சுவடிக்கு வேண்டிய பல படங்கள் இந்த ஈமோஜிப் பொதிகளில் இல்லை. "ஈ"க்கு ஈ கிடைக்கும், "ஓ"வுக்கு ஓடம் கிடைத்தாலும் அது நம் கரைவலைத் தோணியாக இருக்காது. பன்னிரண்டு உயிரெழுத்துக்கும் ஆய்தத்துக்கும் பதின்மூன்று படம். வரையத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்து வரைவித்து, சிசி0வாக வெளியிட்டால் மூதூர், தம்பலகாமம் வரைக்கும் எல்லா முன்பள்ளிக்கும் உதவும். இதை நான் உண்மையிலேயே ஆசைப்பட்டுச் சொல்கிறேன்.

ஜனவரி 20, உப்புவெளி

ஆப்பில எழுத்து வேணுமே. லதா எழுத்துரு போடலாமோ? கடையில எல்லாம் பாமினிதான்.

ஜனவரி 20, இரவு 11 மணி

எழுத்துருவும் படம் மாதிரித்தான், இன்னும் கடுமை.

லதா, நிர்மலா யூஐ இரண்டும் விண்டோஸோடு வருபவை. அவற்றால் ரீசேட், பதாகை, கலியாணக் காட் அடித்து விற்கலாம். எழுத்துருக் கோப்பை எடுத்து ஆப்புக்குள் வைப்பதோ இணையத்தளத்தில் ஏற்றுவதோ முடியாது. அச்சில் வரும் எழுத்தின் உருவம் ஒன்று, கோப்பு இன்னொன்று.

ஆப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுங்கள், அப்பாச்சி உரிமம். கட்டமரன், மீரா இனிமை, முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவானம், கவிவனர் எல்லாம் திறந்த எழுத்துரு உரிமம். பொதிக்கலாம், விற்கும் ஆப்பிலும் வைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. திருத்தினால், ஒதுக்கிய பெயர் என்று குறித்திருந்தால் அந்தப் பெயரை வைக்க முடியாது. உரிமக் கோப்பையும் ஆப்போடு சேர்க்க வேண்டும், "எபௌட்" பக்கத்தில் வைத்தால் போதும்.

விண்டோஸில் எழுத்துருக் கோப்பில் வலது சொடுக்கி, "புரொப்பர்ட்டீஸ்", "டீட்டெயில்ஸ்" பாருங்கள். பொதிக்கும் அனுமதி என்று ஒரு வரி இருக்கும். கோப்புக்குள் அது ஓர் எண்: 0 என்றால் தாராளம், 2 என்றால் தடை, 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும், 8 என்றால் திருத்தவும். பிடிஎஃப் செய்யும்போது "எழுத்துருவைப் பொதிக்க முடியவில்லை" என்று வருவதற்கு அநேகமாகக் காரணம் அந்த 2. ஆனால் 0 என்று இருப்பது உரிமம் அல்ல. அது பிடிஎஃப் மென்பொருளுக்குச் சொன்ன சைகை மட்டும்.

பாமினி நம் கடைகளில் கைமாறிக் கைமாறி ஓடுகிறது, கூடவே ஒரு தாளும் வருவதில்லை. உரிமம் எழுதாத கோப்பை ஆப்புக்குள் வைக்காதீர்கள். ஆப்புக்கு யூனிகோட் எழுத்துரு வேண்டும், பாமினி அது அல்ல, அதனால் எப்படியும் உதவாது.

ஜனவரி 21, காலை

நேற்றிரவு பிழை விட்டேன். நோட்டோ தொடக்கத்தில் அப்பாச்சி 2.0, உண்மை. 2015இல் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறிவிட்டது. இப்போது இறக்கினால் கட்டமரனுக்குச் சொன்ன விதிகளே நோட்டோவுக்கும். உங்கள் கணினியில் பழைய பிரதி இருந்தால் கூட வந்த உரிமக் கோப்பைப் பாருங்கள்.

இதே காரணத்துக்காகத் திகதி முக்கியம். இலவசப் படத் தளமான அன்ஸ்பிளாஷ் 2017 ஜூனில் சிசி0விலிருந்து தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. அதே மாதிரித் தளமான பிக்சபே 2019 ஜனவரியில். சிசி0வாக வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது, அதனால் மாற்றத்துக்கு முன் இறக்கிய படம் இன்றும் சிசி0. ஆனால் முன் இறக்கியது என்று எப்படிக் காட்டுவீர்கள்? ஒரு விரிதாள் வையுங்கள்: கோப்பின் பெயர், எடுத்த முகவரி, படைத்தவர், உரிமமும் பதிப்பு எண்ணும், திகதி, எந்த வேலைக்குப் பாவித்தது. உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து அதே அடைவில் போடுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம்.

ஜனவரி 23

பெயர் குறிப்பிடல் உரிமப் படத்தை ரீசேட்டில் போட்டால் பெயரை நெஞ்சில் அடிக்கத் தேவையில்லை. பொருளுக்கும் ஊடகத்துக்கும் ஏற்ற நியாயமான இடம் போதும்: கழுத்துத் துண்டு, தொங்கும் அட்டை. தலைப்பு, படைத்தவர், மூல முகவரி, உரிமம், மாற்றியிருந்தால் மாற்றினேன் என்ற சொல். 4.0 பதிப்பில் பெயர் போடத் தவறிவிட்டால் தெரியவந்து 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை தானாகத் திரும்பும்.

அதே வழிப் பகிர்தல் என்றால் உங்கள் ரீசேட் வடிவமும் அதே உரிமத்தில் போகும். பக்கத்துக் கடை அதைச் சட்டப்படி அடிக்கலாம். அதற்குச் சம்மதம் என்றால் பாவியுங்கள்.

ஜனவரி 25

பதாகைக் கடைகளுக்கு. கண்ணீர் அஞ்சலிக்கு ரோசாவும் விளக்கும், சாமத்திய வீட்டுக்குத் தாமரை, தேர்த் திருவிழாவுக்குச் சாமி படம். பெரும்பாலும் "இலவச பிஎன்ஜி" தளத்திலிருந்து வருகிறது அல்லது வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தத் தளங்களில் பல, படைத்தவர் அல்லாதவர் ஏற்றியவை. தன்னிடம் இல்லாத உரிமையைத் தளம் உங்களுக்குத் தர முடியாது. கலண்டர்ச் சாமி படம் யாரோ ஓவியர் வரைந்தது, சாமி எல்லோருக்கும் பொது என்பதால் ஓவியமும் பொது ஆகாது. "படத்துக்கு நானே பொறுப்பு" என்று வாடிக்கையாளர் பில்லில் கையெழுத்து வைத்தாலும் அச்சிட்டவர் தப்பமாட்டார். நட்டம் வந்தால் அவரிடம் திருப்பிக் கேட்க மட்டும் அது உதவும்.

பழைய செதுக்குப் படங்கள் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் பழைய நூல்களிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பொதுவுடைமையாக வெளியிட்டது. பூவேலை, கரைக்கோலம், கப்பல்கள் நிறைய. பதாகையின் ஓரத்துக்கு அந்த ரோசாக்களை விட எவ்வளவோ அழகு.

ஜனவரி 28, உப்புவெளி

மானை நானே செய்யப்போறன். கோட்டை வாசலடியில நிக்கிற மான்களைக் கூட்டாளி ஒருத்தன் நல்லாப் படம் பிடிச்சு வைச்சிருக்கிறான். அதை வைச்சு வெட்டலாமோ?

ஜனவரி 28, இரவு

12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000 புள்ளி. அங்குலத்துக்கு 300 என்றால் 13.3க்கு 10 அங்குலம், ரீசேட்டுக்குத் தாராளம். வைனல் வெட்ட வேண்டுமென்றால் மானுக்குப் பின்னால் வானமோ கடலோ இருக்கும் படமாகத் தெரியுங்கள், கோட்டைச் சுவர் பின்னால் இருந்தால் கொம்பு சுவரோடு கலந்துவிடும். இன்க்ஸ்கேப்பில் "டிரேஸ் பிட்மப்", பிறகு "சிம்ப்ளிஃபை" ஒரு தரம் அல்லது இரண்டு தரம். மூன்றாம் தரம் கொம்பு மழுங்கும். புள்ளிகளைத் தனி அடுக்கில் கையால் வையுங்கள், 3 மில்லிமீற்றருக்குச் சிறிய புள்ளி வைனலில் உரிந்து வரும்.

படம் கூட்டாளி எடுத்தது, ஆகவே உரிமை அவருடையது. "ரீசேட்டுக்குப் பாவி" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வையுங்கள்.

ஜனவரி 29

வட்ஸ்அப் வரி போதாது, நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். நம் சட்டம் இந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரும் பெறுபவரும் ஒப்பமிட வேண்டும் என்கிறது. அரைப் பக்கத் தாள் காணும். படத்தின் கோப்புப் பெயர், எடுத்த திகதி, எதற்கு: ரீசேட், ஸ்டிக்கர், வெட்டும் கோப்பு. மாற்றி வரையச் சம்மதம் என்று தனியாக ஒரு வரி, அது இல்லாவிட்டால் டிரேஸ் செய்யவே முடியாது. எவ்வளவு காலம், காசு எவ்வளவு, உங்களுக்கு மட்டுமா, அவரும் வேறு கடைக்குக் கொடுக்கலாமா. கீழே இருவர் கையெழுத்து, திகதி. இரண்டு பிரதி. கூட்டாளிக்கு ஒரு பிரதியும் ஒரு ரீசேட்டும் கொடுங்கள்.